கம்பெனி ஸ்டீரியோவும் வானத்து வானொலியும்

சென்ற வாரம் எங்கள் தெருவில் ஒரு தம்பி புதுக் கார் வாங்கி வந்தார். மணக்குள விநாயகர் கோவிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி முடிந்ததும் என்னையும் ஒரு சுற்று ஏற்றிக்கொண்டு போனார். டேஷ்போர்டின் நடுவில் சிலேட்டுப் பலகை அளவுக்கு ஒரு கண்ணாடித் திரை. பாட்டு, வழி காட்டும் வரைபடம், தொலைபேசி எல்லாம் அதற்குள்ளேயே. “இதில் ரேடியோ எங்கேப்பா இருக்கு?” என்று கேட்டேன். அவரும் தேடினார். நாலைந்து படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்த பிறகுதான் கிடைத்தது. “யார் சார் இப்ப ரேடியோ கேக்கறாங்க?” என்று சிரித்தார்.

காரில் ரேடியோவுக்கு ஒரு இடம் கிடைக்க உலகம் எவ்வளவு பாடுபட்டது என்று அவருக்குச் சொல்ல நினைத்தேன். அதற்குள் வீடு வந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2007இல் பணி ஓய்வு பெற்ற கையோடு நானும் என் மனைவியும் மோன்ட்ரியாலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனோம். அக்டோபர் மாதம். மேப்பிள் மரங்கள் சிவந்து உதிரும் நேரம். மாப்பிள்ளைக்கு வேலை ஒரு கோடியில், வீடு ஒரு கோடியில். தினமும் இரண்டு மணி நேரம் காரிலேயே போய்விடும். அந்த அலுப்பைப் போக்க செயற்கைக்கோள் வானொலிப் பெட்டி ஒன்று வாங்கி வைத்திருந்தார். கையகலப் பெட்டி, அதனுடன் தீப்பெட்டியை விடச் சற்றே பெரிய, அடியில் காந்தம் வைத்த ஆன்டெனா. மாதச் சந்தா பதினைந்து டாலர் அளவில். ஆனால் பெட்டி வாங்கி இரண்டு மாதமாகியும் அட்டைப் பெட்டிக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தது. காரணம், காரோடு வந்த கம்பெனி ஸ்டீரியோ. புதிதாக வந்த இந்தப் பெட்டியை அது உள்ளே விடுவதாக இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும்.

காரும் ரேடியோவும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வளர்ந்தவை. ஆனால் ஒன்றுக்குள் ஒன்று இலகுவில் நுழையவில்லை. 1930இல் சிகாகோவைச் சேர்ந்த பால் கால்வின் என்பவர் தன் ஸ்டூடிபேக்கர் காரில் ஒரு ரேடியோவைப் பொருத்தி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ உற்பத்தியாளர் மாநாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். உள்ளே கடை போட வசதி இல்லை. வாசலில் காரை நிறுத்திப் பாட்டைப் போட்டுக் காட்டினார். அப்போது கிடைத்த ஆர்டர்களில் பிறந்த பெயர்தான் மோட்டோரோலா. மோட்டார் காருக்கான ரேடியோ என்று பொருள்படும்படி வைத்த பெயர். அந்தக் காலத்தில் ரேடியோ பொருத்துவது என்றால் காரைப் பாதி பிரித்துப் போடுவது மாதிரி. இஞ்சினின் தீப்பொறிச் சத்தம் ஒலிபெருக்கியில் வராமல் தடுப்பதே பெரும்பாடு.

அந்தக் காலத்தில் ஏற்பட்ட ஒரு சின்னப் பொருள் இன்றும் நம்முடன் இருக்கிறது. ஆன்டெனா கம்பியின் நுனியில், ரேடியோவின் பின்னால் செருகும் குழல் போன்ற செருகி. அதற்கு மோட்டோரோலா பிளக் என்றே பெயர். ரேடியோவுக்குள் டிரான்சிஸ்டர் வந்தது, எஃப்.எம். வந்தது, கேசட் வந்தது, சி.டி. வந்தது. அந்தச் செருகி மட்டும் பெரிதாக மாறவில்லை. இந்தக் கதையில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது; நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ரேடியோவைக் கார் கம்பெனிக்காரர்களே பொருத்திக் கொடுக்க ஆரம்பித்தார்கள். எண்பதுகளில் ஜெர்மானியர்கள் அதற்கு ஒரு அளவு வகுத்தார்கள்: முகப்பு 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். பிடிக்காவிட்டால் ஒன்றைக் கழற்றி வேறொன்றைச் செருகலாம். ஆனால் போகப் போக பல கம்பெனிகள் ஸ்டீரியோவை டேஷ்போர்டோடு ஒட்டினாற்போல, வளைவும் நெளிவுமாகச் செய்துவிட்டன. ஏ.சி. பொத்தான்கள் கூட அதோடு சேர்ந்தே வந்தன. கழற்றினால் டேஷ்போர்டில் ஒரு பொக்கை விழும். மாப்பிள்ளையின் கார் அந்த ரகம். 2003ஆம் வருட மாடல், வேறொருவரிடம் வாங்கியது. ஸ்டீரியோவில் ரேடியோ உண்டு, சி.டி. உண்டு. வெளியிலிருந்து வேறு ஒலியைக் கொடுக்க ஒரு துளை கூடக் கிடையாது.

இப்போது செயற்கைக்கோளுக்கு வருவோம். வானத்திலிருந்து நேரே காருக்குப் பாட்டு அனுப்பலாம் என்று அமெரிக்காவில் 1990இலேயே விண்ணப்பம் போட்டாயிற்று. 1992இல் அலைவரிசை ஒதுக்கினார்கள். 1997இல் ஏலம் விட்டார்கள். இரண்டு நிறுவனங்கள் ஒவ்வொன்றும் எட்டுக் கோடி டாலருக்கு மேல் கொடுத்து உரிமம் எடுத்தன. எக்ஸ்.எம். என்பது 2001 செப்டம்பரிலும், சிரியஸ் என்பது 2002 பிப்ரவரியிலும் ஒலிபரப்பைத் தொடங்கின.

இரண்டும் வேறு வேறு வழியில் போனவை. எக்ஸ்.எம். பூமத்திய ரேகைக்கு மேலே அசையாமல் நிற்பதுபோல் தோன்றும் செயற்கைக்கோள்களை வைத்தது. சிரியஸ் மூன்று செயற்கைக்கோள்களை நீள்வட்டப் பாதையில் சுற்றவிட்டது. அவை வட அமெரிக்காவின் தலைக்குமேல் வரும்போது மெதுவாக நகரும். எந்த நேரமும் இரண்டாவது அங்கே இருக்கும். மோன்ட்ரியால் போல வடக்கே தள்ளியிருக்கும் ஊரில், தெற்கே தாழ்ந்திருக்கும் செயற்கைக்கோளை ஒரு கட்டடம் மறைத்துவிடும். உச்சியில் இருப்பதை மறைப்பது கடினம். நகரங்களுக்குள் உயரமான கட்டடங்களுக்கு நடுவே தரையிலும் துணை ஒலிபரப்பிகளை வைத்தார்கள். கூடவே ஒரு தந்திரம்: ஒரே நிகழ்ச்சியைச் சில விநாடி இடைவெளி விட்டு இரண்டு முறை அனுப்புவார்கள். பெட்டி அதைச் சேமித்து வைத்துக்கொண்டு பாடும். கார் ஒரு பாலத்துக்கு அடியில் புகுந்து வெளியே வந்தாலும் பாட்டு அறுந்துபோகாது.

கனடாவுக்கு இது வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. அங்கே பிரெஞ்சு வானொலி நிலையங்கள் ஒலிபரப்பும் ஜனரஞ்சகப் பாடல்களில் நூற்றுக்கு 65 பிரெஞ்சுப் பாடலாக இருக்கவேண்டும் என்று விதி. நூறு சேனல்கள் அமெரிக்காவிலிருந்து நேரே வானத்தின் வழியாக வந்து இறங்கினால் அந்த விதி என்ன ஆவது? 2005 ஜூனில் ஒலிபரப்பு ஆணையம் உரிமம் கொடுத்தபோது, குறைந்தது 8 சேனல்கள் கனடாவில் தயாரானவையாக இருக்கவேண்டும், அவற்றில் நான்கில் ஒரு பங்கு பிரெஞ்சு என்றது. எட்டில் கால் பங்கு என்றால் இரண்டு. நூறுக்கு நடுவே இரண்டா என்று கியூபெக்கில் கூச்சல் கிளம்பியது. மேல்முறையீடு மத்திய அமைச்சரவை வரை போயிற்று. உரிமம் ரத்தாகவில்லை. ஆனால் நிறுவனங்கள் பிரெஞ்சுச் சேனல்களைக் கூட்டுவதாக ஒப்புக்கொண்டன. அந்த வருடக் கடைசியில் சேவை தொடங்கியது.

மகள் வீட்டு மேசையில் இதையெல்லாம் பழைய செய்தித்தாள்களில் படித்தபோது எனக்கு நம் ஊர் நினைவுதான் வந்தது. 1956இல் கையெழுத்தான ஒப்பந்தத்தில், மக்கள் பிரதிநிதிகள் வேறுவிதமாக முடிவு செய்யாதவரை பிரெஞ்சே ஆட்சிமொழியாகத் தொடரும் என்று ஒரு பிரிவு உண்டு. அதை நம்பித்தான் என் தகப்பனார் என்னைப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தார். நான் ப்ரெவே முடித்துக் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது மேசையில் இருந்த கோப்பெல்லாம் ஆங்கிலத்தில். பிரெஞ்சு பதிவறைக்குப் போய்விட்டிருந்தது. பழைய பத்திரம், எத்தா சிவில் பதிவேடு என்று ஏதாவது வந்தால் மட்டும், “அந்தப் பிரெஞ்சுக்காரரைக் கூப்பிடு” என்பார்கள். நான் படித்து ஆங்கிலத்தில் குறிப்பு எழுதிக் கொடுப்பேன். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் அதுதான் என் உத்தியோகம். சட்டத்தில் இடம் இருப்பது ஒன்று. அன்றாடத்தில் நுழைய ஒரு வழி கிடைப்பது வேறொன்று.

சரி, காருக்கு வருவோம். மாப்பிள்ளை வழிகளையெல்லாம் எனக்கு விளக்கினார்.

முதல் வழி, கேசட் வடிவத்தில் ஒரு போலி. அதைக் கேசட் வாயில் போட்டால் அதன் வால்கம்பி வழியாகப் பாட்டு போகும். இந்தக் காரில் கேசட்டே கிடையாது. இரண்டாவது, பெட்டியே ஒரு குட்டி எஃப்.எம். நிலையமாக மாறி 88.1 போன்ற காலி இடத்தில் ஒலிபரப்பும். கார் ரேடியோவை அந்த எண்ணில் வைத்தால் கேட்கும். ஆனால் நகரத்தில் காலி இடம் எங்கே? பக்கத்திலேயே 88.5இல் சி.பி.சி. நிலையம் உட்கார்ந்திருக்கிறது. அதுவுமில்லாமல் இந்தக் குட்டி நிலையங்களில் சில அளவுக்கு மீறிச் சக்தியோடு ஒலிபரப்பின; பக்கத்துக் கார்க்காரர் கேட்காமலேயே கேட்கவேண்டியதாயிற்று. 2006இல் அமெரிக்க அரசு அதைக் கண்டுபிடித்துச் சிலவற்றின் விற்பனை நிறுத்தப்பட்டது. மூன்றாவது, ஸ்டீரியோவின் முதுகில் சி.டி. மாற்றிக்காக இருக்கும் செருகுவாயில் ஒரு அடாப்டரை மாட்டி, “நான்தான் சி.டி. மாற்றி” என்று அதை நம்பவைப்பது. ஒலி நன்றாக இருக்கும். விலை பெட்டியை விட அதிகம். நான்காவது வழி, அந்த மோட்டோரோலா பிளக்.

அதாவது ஸ்டீரியோவை வெளியே இழுத்து, பின்னாலிருக்கும் ஆன்டெனா செருகியைப் பிடுங்கி, நடுவில் மாடுலேட்டர் என்ற ஒரு சின்னப் பெட்டியை வைப்பது. சாதாரணமாக வெளி ஆன்டெனா அதன் வழியே போகும். செயற்கைக்கோள் பெட்டியை முடுக்கினால் அது வெளி ஆன்டெனாவைத் துண்டித்து, தன் ஒலியை எஃப்.எம். ஆக்கிக் கம்பி வழியாகவே ரேடியோவுக்குள் அனுப்பும். பல்லாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்த ஒலி, கடைசி ஒரு அடி தூரத்துக்கு முப்பதுகளின் செருகியில் நுழைந்து, உள்ளூர் எஃப்.எம். நிலையம் மாதிரி வேஷம் போடவேண்டும். கம்பெனி ஸ்டீரியோவுக்குத் தெரியவே தெரியாது.

மாப்பிள்ளை இதையே தேர்ந்தெடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை வேலை ஆரம்பித்தது. நான் டார்ச் பிடிக்கும் உதவியாள். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றினோம். டேஷ்போர்டின் பிளாஸ்டிக் முகப்பை இழுக்கும்போது டப் டப்பென்று சத்தம் கேட்டது. உடைகிறதா கழல்கிறதா என்று தெரியாமல் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆன்டெனாவைக் கூரையில் வைத்து, கம்பியைப் பின்கதவு ரப்பருக்கு அடியில் நுழைத்து, கம்பளத்துக்குக் கீழே முன்னால் கொண்டுவந்தோம். மாடுலேட்டரைச் செருகி எல்லாவற்றையும் மூடி, பேட்டரியைத் திரும்ப மாட்டினோம்.

ஸ்டீரியோவில் பாட்டு வரவில்லை. நாலெழுத்து மட்டும் வந்தது: கோட்.

திருட்டைத் தடுப்பதற்காகச் செய்த ஏற்பாடு. மின்சாரம் நின்றுபோனால் ஸ்டீரியோ தன்னைப் பூட்டிக்கொள்ளும். சரியான எண்ணைப் பொத்தானில் அழுத்தினால்தான் திறக்கும். எண் எழுதிய அட்டை காரை விற்றவரிடமும் இல்லை. கண்டபடி அழுத்திப் பார்த்தால் ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளும் என்று புத்தகம் எச்சரித்தது. ஆக, புதியதும் இல்லை, பழையதும் போயிற்று. என் மனைவி எட்டிப் பார்த்து, “நேத்து வரைக்கும் பாடிட்டுத்தானே இருந்தது?” என்றாள். மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை.

மறுநாள் நகரத்தின் கிழக்குப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனோம். அங்கிருந்த பெரியவருக்குப் பிரெஞ்சைத் தவிர வேறு பாஷை வராது. மாப்பிள்ளை மதுரைப் பக்கம். அலுவலகத்தில் ஆங்கிலத்திலேயே காலம் தள்ளுகிறவர். “மாமா, நீங்களே பேசிருங்க” என்று என்னை முன்னால் தள்ளினார்.

ஓய்வுபெற்ற பிறகும் என் பழைய உத்தியோகம் என்னை விடவில்லை. ஆனால் அவருடைய பிரெஞ்சு எனக்கு முதலில் பிடிபடவில்லை. “ஷார், ஷார்” என்றார். நான் படித்த புத்தகத்தில் ஷார் என்றால் மாட்டு வண்டி. அவர்களுக்கு அதுதான் கார். என் பேச்சைக் கேட்டு அவர் சிரித்துவிட்டு, “மிசியே, நீங்கள் என் பழைய வாத்தியார் மாதிரி பேசுகிறீர்கள். எங்கே படித்தீர்கள்?” என்றார். பாண்டிச்சேரி என்றேன். அவர் கேள்விப்பட்டதில்லை. இந்தியாவில் கடலோரம், பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர் என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

அவர் ஸ்டீரியோவை மறுபடி வெளியே எடுத்து, பக்கவாட்டில் ஒட்டியிருந்த வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டார். காரின் காகிதங்களைக் காட்டி, விற்பனையாளரைத் தொலைபேசியில் பிடித்துக் கோட் எண்ணை வாங்கினார். கூடவே நாங்கள் செய்த இன்னொரு தப்பையும் கண்டுபிடித்தார். பெட்டியின் எர்த் கம்பியைப் பெயின்ட் அடித்த இரும்பில் முறுக்கியிருந்தோம். அப்படியே விட்டிருந்தால் இஞ்சின் வேகம் கூடக்கூட ஒலிபெருக்கியில் கொசு மாதிரி ரீங்காரம் கேட்குமாம். பெயின்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் இறுக்கிக் கட்டினார். முக்கால் மணி நேரம். பிறகு ரேடியோவை 88.1இல் வைத்தார்.

பாடிற்று. ரேடியோ கனடா அப்போது நடத்திய பாந்த் ஆ பார் என்ற பிரெஞ்சுப் பாட்டுச் சேனல். இளைஞர்கள் பாட்டு, எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் அந்தப் பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டே நின்று கேட்டார். பேரம் பேசி, சண்டை போட்டு வாங்கிய இடம் அது. அவர் முகத்தைப் பார்த்தபோது அமைச்சரவை வரை ஏன் போனார்கள் என்று எனக்குப் புரிந்தது.

அந்த வாரக் கடைசியில் எல்லோரும் கியூபெக் நகரத்துக்குப் போனோம். பாலங்களுக்கு அடியில் புகுந்தபோதெல்லாம் நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு இடத்திலும் அறுபடவில்லை. பின்சீட்டிலிருந்து என் மனைவி கேட்டாள்: “இதுல நம்ம ஸ்ருதி வருமா?”

வராது. அது வேறு வானம். ஆனால் அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. எங்கள் புதுச்சேரி வீட்டு மொட்டை மாடியிலும் ஒரு சின்ன ஆன்டெனா கிழக்கே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது. எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா தொடங்கிய வேர்ல்ட்ஸ்பேஸ். உலகத்தில் செயற்கைக்கோள் வானொலியில் முந்திக்கொண்டவர்கள் அவர்கள்தான். அமெரிக்காவின் எக்ஸ்.எம்.மிலேயே ஆரம்பத்தில் அவர்கள் பணம் இருந்தது. ஆப்பிரிக்காவுக்கான செயற்கைக்கோள் 1998 அக்டோபரிலும், நமக்கான ஏஷியாஸ்டார் 2000 மார்ச் 21ஆம் தேதியும் மேலே போயின. இரண்டும் ஏவப்பட்டது கூரூவிலிருந்து. பிரெஞ்சு கயானாவில் இருக்கும் ஊர். எங்கள் பூகோளப் பாடத்தில் கயானா உண்டு. நம் பக்கத்திலிருந்து கூலி வேலைக்குக் கப்பலேறிப் போனவர்களின் கதையிலும் அது உண்டு.

வேர்ல்ட்ஸ்பேஸில் தமிழுக்கு கே.எல். ரேடியோ, கர்நாடக சங்கீதத்துக்கு ஸ்ருதி. நடுவில் விளம்பரம் இல்லாமல் நாள் முழுக்கக் கச்சேரி. என் மனைவி காலையில் காப்பிக்குத் தண்ணீர் வைக்கும்போதே அதைப் போட்டுவிடுவாள். ஏ.ஆர். ரஹ்மானே அதற்கு விளம்பரத் தூதராக இருந்தார். எல்லாம் இருந்தும் அந்தச் சேவை நம் கார்களுக்குள் நுழையவில்லை. ஒரே செயற்கைக்கோள், வானத்தில் ஒரே இடம். ஆன்டெனா அதை மறைவில்லாமல் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஓடும் காருக்கு அது நடக்கிற காரியமில்லை. நகரம் தோறும் தரையில் துணை ஒலிபரப்பிகள் வைத்தால் நடக்கும். அதற்கு உரிமக் கொள்கை வேண்டும். அந்தச் சேவை உயிரோடு இருந்தவரை அந்தக் கொள்கை வந்து சேரவில்லை. கோப்புகள் எப்படித் தங்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வட அமெரிக்காவில் அந்த வியாபாரம் பிழைத்ததே காரால்தான். சந்தா கட்டியவர்களில் பெரும்பாலோர் காருக்குள் இருந்து கேட்டவர்கள். அந்தக் கதவு இங்கே திறக்கவில்லை.

2008 அக்டோபரில் அமெரிக்காவில் இருந்த தாய் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. லட்சத்துக்கு மேற்பட்ட சந்தாதாரர்கள் இருந்த இந்தியச் சேவை 2009 டிசம்பர் 31ஆம் தேதியோடு நின்றது. எக்ஸ்.எம்.மும் சிரியஸும் 2008 ஜூலையிலேயே ஒன்றாகிப் பிழைத்துக்கொண்டன.

மாப்பிள்ளையின் அந்தக் காரை சில வருடம் கழித்து விற்றுவிட்டார்கள். செயற்கைக்கோள் பெட்டியை மட்டும் கழற்றினார். மாடுலேட்டரைக் கழற்றப் பயம். பேட்டரியைப் பிடுங்கினால் மறுபடி கோட் கேட்குமே! அது டேஷ்போர்டுக்குப் பின்னாலேயே போய்விட்டது. கோட் எண்ணை மறக்காமல் ஒரு காகிதத்தில் எழுதி, வாங்கியவரிடம் கொடுத்தோம். அந்தக் காகிதத்தைப் பிரெஞ்சில் எழுதிக் கொடுத்தவன் நான்தான். மகள் தொலைபேசியில் கேட்கக் கேட்க, நான் இங்கிருந்து சொல்ல, அவள் எழுதினாள்.

அந்த டிசம்பர் 31ஆம் தேதி இரவு எல்லோரும் புத்தாண்டுக்காகக் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். என் மனைவி போகவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடைசிவரை ஸ்ருதியைக் கேட்டாள். நானும் கூட இருந்தேன். நின்ற பிறகு சிறிது நேரம் அந்த விளக்கைப் பார்த்துவிட்டு, சுவிட்சை அணைத்து, பெட்டியின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள்.

மறுநாள் காலை அடுப்படியில் பாட்டுச் சத்தம் கேட்டு எழுந்தேன். பரணில் இருந்த பழைய டிரான்சிஸ்டரைத் துடைத்து வைத்து ஆகாசவாணியைத் திருப்பியிருந்தாள். கொஞ்சம் கரகரவென்றுதான் இருந்தது. “ஏங்க, அந்தக் கம்பியைக் கொஞ்சம் ஜன்னல் பக்கமா இழுத்து விடுங்க” என்றாள். இழுத்து விட்டேன். சரியாகக் கேட்டது.